வெப் தொலைநோக்கியின் முதல் படங்களும் அமெச்சூர் வானியலாளர்களின் துள்ளலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்கள், ஜேம்ஸ் வெப் படங்களைப் பார்த்த கையோடு என்னிடம்தான் வருகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

முதல் படங்கள் என்றால் எவை? எப்போது வந்தன?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியன் 5 ராக்கெட்டில் கிளம்பியது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்2 என்னும், சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் ஈடுகொடுக்கும் புள்ளியைச் சுற்றி வருகிறது. அதிகாரப்பூர்வமான முதல் வண்ணப் படம் 2022 ஜூலை 11 அன்று அமெரிக்க அதிபர் மாளிகையில் வெளியிடப்பட்டது. மற்றவை மறுநாள் வந்தன.

மொத்தம் 5 இலக்குகள். எஸ்மேக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கொத்து, கேரினா நெபுலா என்னும் வாயு மேகத்தின் ஓரத்தில் உள்ள என்ஜிசி 3324, ஸ்டீபனின் ஐவர் என்று அழைக்கப்படும் கேலக்ஸிக் கூட்டம், தெற்கு வளைய நெபுலா, வாஸ்ப்-96 பி என்ற வேற்றுச் சூரியக் கோள். கடைசியில் சொன்னதற்குப் படம் கிடையாது, ஒரு வரைபடம் மட்டுமே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படத்தை உலகமே பார்த்தது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறீர்கள்?

தெரிந்த முகம் என்பதால்தான்.

தெற்கு வளைய நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேலா என்னும் விண்மீன் மண்டலத்தில், 2,000 ஒளியாண்டுகளுக்கு மேல் தள்ளி இருக்கிறது. சிறிய தொலைநோக்கியிலேயே தெரியும். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் பார்த்தால் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல முட்டை வடிவத்தில் சாம்பல் நிறப் படலம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். நேராக உற்றுப் பார்த்தால் படலம் மங்கிவிடும், கண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் மீண்டும் எட்டிப் பார்க்கும். இப்படி எத்தனையோ இரவு பார்த்த ஒன்றை, வெப் ஒரு நாள் முகம் முழுக்கக் காட்டுகிறது. வெளியே அடுக்கடுக்காக வாயு ஓடுகள், ஒவ்வொரு ஓட்டிலும் கீறல்கள், உள்ளே இருந்து துளை வழியாகக் கசிகிற ஒளிக்கற்றைகள்.

இதைவிடப் பெரிய விஷயம் நடுவில் இருக்கிறது. ஐபீஸில் நாங்கள் பார்க்கும் அந்த வெள்ளைப் புள்ளிக்கும் நெபுலா உருவானதற்கும் நேரடித் தொடர்பில்லை. வாயுவைக் கக்கியது அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், சாகும் நிலையில் உள்ள மங்கலான துணை விண்மீன். இது முன்பே தெரிந்த செய்திதான், படித்திருக்கிறோம். ஆனால் வெப்பின் மிரி என்னும் அகச்சிவப்புக் கேமரா எடுத்த படத்தில் இரண்டும் அருகருகே தெளிவாக நிற்கின்றன, சாகும் விண்மீன் தூசியைப் போர்த்திக்கொண்டு சிவப்பாகத் தெரிகிறது. அந்தத் தூசிப் போர்வை இருப்பதே அப்போதுதான் தெரியவந்தது. இத்தனை நாளும் நாங்கள் சம்பந்தமில்லாத ஆளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம்!

கேரினாவும் அப்படித்தான். அகத்திய நட்சத்திரம் இருக்கும் அதே மண்டலம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் அதற்குத் தெற்கிலும் இருப்பவர்களுக்குப் பெரிய கேரினா நெபுலா வெறும் கண்ணுக்கே புகைத் திட்டாகத் தெரியும். அதன் ஒரு மூலையில் உள்ள என்ஜிசி 3324-ஐத்தான் வெப் படம் பிடித்தது. மலை முகடு போலத் தெரிகிறதே, அது 7,600 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாயுக் குழியின் விளிம்பு. படத்துக்கு மேலே, எல்லைக்கு வெளியே இருக்கும் இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் அதை அரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த முகடுகளில் உயரமானவை சுமார் 7 ஒளியாண்டு உயரம்.

வானத்தைப் பார்த்துப் பழகாதவருக்கு இது அழகான படம். எங்களுக்கு, வருடக்கணக்காகத் தூரத்தில் நின்று பார்த்த வீட்டின் கதவு திறந்த மாதிரி.

அப்படியானால் ஜூலை 11-க்கு முன் படமே வரவில்லையா?

வந்தது. எங்களில் பலருக்கு அந்தப் படங்கள்தான் அதிகம் பிடிக்கும்.

2022 பிப்ரவரியில் பெருங்கரடி மண்டலத்தில் உள்ள எச்டி 84406 என்ற சாதாரண விண்மீனை நோக்கி வெப்பைத் திருப்பினார்கள். வெப்பின் 6.5 மீட்டர் ஆடி ஒரே துண்டு இல்லை. பெரிலியத்தில் செய்து தங்கம் பூசிய 18 அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றும் அப்போது வேறு வேறு திசை பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரே விண்மீன் 18 புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தது. எந்தப் புள்ளி எந்தத் துண்டுக்கு உரியது என்று கண்டுபிடிக்க 1,560 படங்கள் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, 18-ஐயும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து அடுக்கினார்கள்.

நியூட்டன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் சிரித்திருப்பார்கள். ஆடியின் பின்னால் உள்ள மூன்று திருகுகளை மாற்றி மாற்றித் திருப்பி, விண்மீன் வட்டமாகத் தெரிகிறதா, வால்மீன் மாதிரி இழுக்கிறதா என்று பார்க்கும் கொலிமேஷன் வேலை எங்களுக்கு வாடிக்கை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுவிடும். அதே வேலை, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, நானோமீட்டர் கணக்கில். அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியதே இந்த 18 புள்ளிப் படத்தைப் பார்த்துத்தான்.

மார்ச் 16-இல் வெளியான சோதனைப் படத்தில் ஒரே ஒரு விண்மீன். ஆறு முனைகளோடு பளிச்சென்று. குவியம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது. ஆனால் பின்னணியில் கேலக்ஸிகள் பொடிப் பொடியாகச் சிதறிக் கிடந்தன. யாரும் அவற்றைத் தேடி எடுக்கவில்லை, தானாக விழுந்தவை.

ஜூலை 6-இல் வந்தது இன்னும் வேடிக்கை. படம் எடுக்கும்போது தொலைநோக்கி ஆடாமல் இருக்க, ஒரு வழிகாட்டி விண்மீனை விடாமல் கவனிக்கும் கருவி வெப்பில் இருக்கிறது. அறிவியல் படம் எடுப்பது அதன் வேலை இல்லை. மே மாதம் நடந்த ஒரு சோதனையின்போது 32 மணி நேரத்தில் அது எடுத்த 72 படங்களை ஒன்று சேர்த்தபோது, அதுவரை எடுக்கப்பட்ட மிக ஆழமான பிரபஞ்சப் படங்களில் ஒன்றாக அமைந்துவிட்டது. என் தொலைநோக்கியின் பக்கத்திலும் ஒரு சின்ன கைடு கேமரா இருக்கிறது. அது ஒரு விண்மீனை ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்தாலே எனக்கு அன்று தீபாவளி.

விண்மீன்களைச் சுற்றி அந்த முனைகள் ஏன்? அலங்காரத்துக்குச் சேர்த்ததா?

இல்லை. அது தொலைநோக்கியின் கையெழுத்து.

ஒளி ஒரு விளிம்பைத் தாண்டும்போது, அந்த விளிம்புக்குச் செங்குத்தான திசையில் கொஞ்சம் சிதறும். வெப்பின் ஆடி அறுகோணத் துண்டுகளால் ஆனது, அதனால் ஆறு பெரிய முனைகள். முன்னால் உள்ள இரண்டாம் ஆடியைத் தாங்கும் மூன்று கால்களும் தங்கள் பங்குக்கு ஆறு முனைகளை உண்டாக்கும். அவற்றில் நான்கு, ஆடியின் முனைகளோடு ஒன்றிப்போகும்படி கால்களின் கோணத்தை வடிவமைத்திருக்கிறார்கள். மீதி இரண்டு கிடைமட்டமாகச் சிறியதாகத் தெரியும். ஆக மொத்தம் எட்டு. வெப்புக்கு முன்பே விண்வெளிக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் நான்குதான் இருக்கும், சிலுவை மாதிரி. எங்கள் நியூட்டன் தொலைநோக்கிகளிலும் அதே நான்கு.

இதில் ஒரு பயனும் உண்டு. கூர்மையான முனைகளோடு ஜொலிப்பது பெரும்பாலும் நம் பால்வீதியில் இருக்கும் விண்மீன். முனை இல்லாமல் பஞ்சு மாதிரி இருப்பது கேலக்ஸி. மையத்தில் கருந்துளை மும்முரமாக விழுங்கிக்கொண்டிருக்கும் சில கேலக்ஸிகளின் நடுப்பகுதி விண்மீன் போலவே ஒரு புள்ளியாகப் பளிச்சிடுவதால் அவற்றுக்கும் முனை வரும். அவற்றை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாது. எஸ்மேக்ஸ் படத்தைத் திறந்துவைத்து ஒரு முறை முயன்று பாருங்கள், எட்டு முனைக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே, மற்றதெல்லாம் கேலக்ஸி.

அந்த நிறங்கள் பொய்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் எப்போதும் ஒரு சின்ன வெற்றிப் புன்னகை இருக்கும். பொய் இல்லை. மொழிபெயர்ப்பு என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு. 0.6 மைக்ரானில் தொடங்கி 28 மைக்ரான் வரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நம் கண் 0.7 மைக்ரான் பக்கத்திலேயே நின்றுவிடும். கேமரா ஒவ்வொரு ஃபில்டர் வழியாகவும் எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். அவற்றில் அலைநீளம் குறைந்ததற்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை, அதிகமானதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். கேரினா படத்தில் 0.9 மைக்ரான் ஃபில்டருக்கு நீலமும் 4.4 மைக்ரான் ஃபில்டருக்குச் சிவப்பும் கிடைத்தன. இடையில் இன்னும் நான்கு ஃபில்டர்கள்.

கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஹப்பிள் பாணியில் நெபுலா படம் எடுக்கும் அமெச்சூர்கள் ஏராளம். உண்மையில் ஹைட்ரஜன் அங்கே சிவப்பாகத்தான் ஒளிர்கிறது. அதைப் பச்சையாக்கினால்தான் கந்தகத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியும். அதனால் எங்களுக்கு இது புதிதும் இல்லை, குற்றமும் இல்லை. என்ன, சிலர் நிறத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கொட்டிவிடுகிறார்கள். அது ரசனைக் குறைபாடு, மோசடி இல்லை.

ஹப்பிளைவிட எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?

கேள்வியே கொஞ்சம் தடம் மாறிப்போனது. பெரிதாக்குவது தொலைநோக்கியின் முதல் வேலை இல்லை, ஒளியைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. கடையில் 500 மடங்கு பெரிதாக்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் தொலைநோக்கியை வாங்கி ஏமாந்த ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர், வெப்பினுடையது 6.5 மீட்டர். ஒளி சேர்க்கும் பரப்பு சுமார் 6 மடங்கு. ஆனால் நுணுக்கமான விவரம் ஆடியின் விட்டத்தை மட்டும் பொறுத்ததில்லை, பார்க்கும் அலைநீளத்தையும் பொறுத்தது. அலைநீளம் நீள நீள, விவரம் மழுங்கும். வெப் 2 மைக்ரானில் பார்க்கும் கூர்மையும் ஹப்பிள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்கும் கூர்மையும் ஏறத்தாழ ஒரே தரம்தான். வித்தியாசம் எங்கே என்றால், தூசி மறைப்பதை அகச்சிவப்பு ஊடுருவும். மிகத் தொலைவில் உள்ள கேலக்ஸிகளின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு அகச்சிவப்பாகவே வந்து சேருகிறது. அதைப் பிடிக்க வெப் வேண்டும். ஹப்பிளைத் தூக்கி ஓரமாக வைத்தாயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆழ்வெளிப் படத்தில் வளைந்து வளைந்து கோடுகள் தெரிகின்றனவே, லென்ஸில் கோளாறா?

லென்ஸ்தான், கோளாறு இல்லை. எஸ்மேக்ஸ் 0723 கேலக்ஸிக் கொத்தின் எடை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி அந்த வளைவு வழியாக வரும்போது நீண்டு வில்லாக மாறுகிறது, பிரகாசமும் கூடுகிறது. சில கேலக்ஸிகள் இரண்டாகக்கூடத் தெரியும், கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக.

கொத்தின் ஒளி கிளம்பி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பின்னால் உள்ள ஒரு சிவப்புப் பொட்டின் நிறமாலையை ஆராய்ந்ததில் அதன் ஒளி 1,310 கோடி ஆண்டுகள் பயணம் செய்திருப்பது தெரிந்தது. இத்தனையும், கையை நீட்டி விரல் நுனியில் ஒரு மணல் துகளைப் பிடித்தால் மறையும் வானப் பரப்பில். படம் எடுக்க ஆன நேரம் 12.5 மணி. ஹப்பிளின் ஆழ்வெளிப் படங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது.

அந்தக் கோளுக்கு ஏன் படம் இல்லை? ஒரு கோட்டைக் காட்டி ஏமாற்றுகிறார்களா?

எங்கள் கூட்டத்தில் அந்தக் கோட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்றால் நம்புவீர்களா?

வாஸ்ப்-96 பி, வியாழனின் பாதிக்கும் குறைவான எடையுள்ள வாயுக் கோள். 3.4 நாளுக்கு ஒரு முறை தன் விண்மீனைச் சுற்றிவிடும். அது விண்மீனின் முன்னால் கடக்கும்போது விண்மீன் ஒளியில் சிறு பகுதி கோளின் வளிமண்டலத்தின் வழியாக வடிகட்டி வருகிறது. அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்தால், எந்த அலைநீளத்தை வளிமண்டலம் விழுங்கியது என்று தெரியும். வரைபடத்தில் தெரிந்த மேடு பள்ளங்கள் நீராவியின் அடையாளம். 1,150 ஒளியாண்டு தள்ளி உள்ள கோளின் காற்றில் நீராவி.

கோள் கடக்கும்போது விண்மீன் மங்குவதை வீட்டுத் தொலைநோக்கியில் அளக்கும் அமெச்சூர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கேமராவை மாட்டி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்தால், 100-இல் ஒரு பங்கு மட்டுமே குறையும் ஒளி ஒரு சின்னக் குழிவாகத் தெரியும். புள்ளிகள் மழைத்தூறல் மாதிரி சிதறிக் கிடக்கும், அதற்குள் அந்தக் குழியைப் பார்க்கக் கொஞ்சம் நம்பிக்கையும் வேண்டும். வெப்பின் வரைபடத்தில் புள்ளிகள் நூல் பிடித்தது போல நின்றன. பொறாமைதான், வேறென்ன.

ஹப்பிளின் முதல் படம் சொதப்பியதாமே? அதனால்தான் பயந்தீர்களா?

ஆமாம், அந்தப் பயம் எங்கள் தலைமுறையின் ரத்தத்தில் ஊறியது. ஹப்பிள் 1990 ஏப்ரலில் போனது. மே 20-இல் வந்த முதல் படம் என்ஜிசி 3532 என்ற விண்மீன் கொத்து, அதுவும் கேரினாவில்தான். ஓரளவு கூர்மையாக இருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்தார்கள். ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டம் இருப்பது பிறகுதான் உறுத்தியது. ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. கையால் ஆடி தேய்க்கும் அமெச்சூர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பிளேடையும் சின்ன விளக்கையும் வைத்து ஃபூக்கோ சோதனை செய்தால் தெரிந்துவிடக்கூடிய வகைப் பிழை அது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள்.

வெப்புக்கு அந்த வாய்ப்பே இல்லை, அவ்வளவு தூரம் யாரும் போக முடியாது. விரிந்து நிமிர்ந்து நிற்பதற்குள் 344 இடங்களில் எது ஒன்று சிக்கினாலும் மொத்தமும் போச்சு என்று சொல்லியிருந்தார்கள். டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்து அடுக்கு வெயில் மறைப்பு விரிந்த அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023-இல் போன ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கியும் ஆரம்பத்தில் தடுமாறியது. அதன் வழிகாட்டிக் கருவி அவ்வப்போது விண்மீனைத் தவறவிட்டதில், சோதனைப் படங்களில் விண்மீன்கள் நூல்கண்டு சிக்கியது மாதிரி சுருள் சுருளாகக் கோலம் போட்டிருந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. கேபிள் இழுத்தால், காற்று அடித்தால், என் படங்களும் அச்சு அசலாக அப்படித்தான் வரும். மென்பொருளை மாற்றியனுப்பிச் சரிசெய்துவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7-இல் வந்த யூக்ளிடின் முதல் வண்ணப் படங்களில் குதிரைத்தலை நெபுலாவும் இருந்தது.

மூலத் தரவு எனக்கும் கிடைக்குமா? நானே படம் செய்யலாமா?

கிடைக்கும், காசு வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். மாஸ்ட் என்ற விண்வெளித் தொலைநோக்கிக் காப்பகத்தில் எல்லாம் இருக்கிறது. பல ஆய்வுத் திட்டங்களின் தரவு ஓராண்டு வரை அந்த ஆய்வாளர்களுக்கு மட்டும்தான். ஆனால் முதல் படங்களின் தரவு, படங்கள் வெளியான அதே வாரத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த வாரம் அமெச்சூர் உலகில் யாரும் வேறு வேலை பார்த்த மாதிரி தெரியவில்லை.

கோப்புகள் ஃபிட்ஸ் என்னும் வானியல் கோப்பு வடிவத்தில் இருக்கும். பெயரின் கடைசியில் ஐ2டி என்று முடிபவைதான் உங்களுக்கு வேண்டியவை, அவற்றில் துண்டுகள் ஒட்டப்பட்டு அடிப்படைத் திருத்தங்கள் முடிந்திருக்கும். பெரிய படம் என்றால் ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும். அவற்றைத் திறந்து செயலாக்க சிரில் என்ற இலவச மென்பொருளே போதும். பிக்ஸ்இன்சைட் காசு கொடுத்து வாங்குவது.

முதல் முறை திறக்கும்போது ஏமாறாதீர்கள். நான் என்ஜிசி 3324 கோப்பைத் திறந்தபோது திரை முழுக்கக் கறுப்பு, அங்கங்கே உப்புக்கல் மாதிரி நாலைந்து வெள்ளைப் புள்ளி. தரவிறக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் இறக்கினேன். இரண்டாவது முறையும் கறுப்பு. அப்புறம்தான் உறைத்தது, என் சொந்தப் படங்களும் இப்படித்தானே தொடங்கும் என்று. பிரகாசமான விண்மீனுக்கும் மங்கலான வாயுவுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம், திரையால் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. மங்கலான பகுதியை மட்டும் இழுத்து உயர்த்த வேண்டும், ஸ்ட்ரெட்ச் என்போம். சுட்டியை மெல்ல நகர்த்த நகர்த்த, கறுப்பிலிருந்து ஒரு சாம்பல் முகடு எழுந்து வந்தது. நிறமே இல்லை. இருந்தும் வெளியான வண்ணப் படத்தைப் பார்த்தபோது வராத சிலிர்ப்பு அப்போது வந்தது.

அதன் பிறகு சில்லறைத் தொல்லைகள். பிரகாசமான விண்மீன்களின் நடுவில் கறுப்பு ஓட்டை இருக்கும். கருந்துளை இல்லை, உணரி நிரம்பி வழிந்துபோன பிக்சல்கள். அதை நிரப்ப வேண்டும். சில ஃபில்டர்களில் மெல்லிய கோடுகள் படத்தின் குறுக்கே ஓடும். நீள அலைப் படமும் குறுகிய அலைப் படமும் ஒரே அளவில் இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். பிறகுதான் நிறம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், மற்றது உங்கள் விருப்பம். செய்து முடித்ததும் தரவு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அது மரியாதை.

இப்படிச் செய்ததால் உருப்படியாக ஏதாவது நடந்ததா?

டபிள்யூஆர் 140 என்ற இரட்டை விண்மீனைச் சொல்லலாம். சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவு. 2022-இல் வெப் அதைப் படம் எடுத்தது, தரவும் திறந்திருந்தது. ஓர் அமெச்சூர் படச் செயலாக்கக்காரர் அதைத் திறந்து மெருகேற்றி வெளியிட்டபோது, விண்மீனைச் சுற்றி மரத்தண்டின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக ஏதோ தெரிந்தது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லாத ஒரு விநோத வடிவம். இது என்ன கூத்து என்று பார்த்தவர்கள் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். தரவைக் கேட்டு வாங்கியிருந்த ஆய்வாளர்கள் சில வாரங்களில் விளக்கினார்கள். இரண்டு விண்மீன்களும் சுமார் 8 ஆண்டுக்கு ஒரு முறை நெருங்கி வரும்போது அவற்றின் காற்றுகள் மோதித் தூசி உண்டாகி ஓர் ஓடாக விரிகிறது. வெப் 17 ஓடுகளைக் காட்டியது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு. ஆய்வாளர்கள் எப்படியும் கண்டிருப்பார்கள்தான். ஆனால் பலரும் அதை முதலில் பார்த்தது ஓர் அமெச்சூரின் கணினித் திரை வழியாக.

வெப்பையே என் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா?

கண்ணால் வாய்ப்பு குறைவு. கேமராவால் முடியும், நிறைய பேர் எடுத்திருக்கிறார்கள். சில நிமிடங்கள் இடைவெளி விட்டு எடுத்த படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால், விண்மீன்கள் அசையாமல் நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் நகரும். சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே இருப்பதால் நள்ளிரவை ஒட்டி உச்சியில் இருக்கும். அன்றன்றைய இடத்தை நாசாவின் ஹொரைசன்ஸ் கணிப்பானில் எடுத்துக்கொள்ளலாம்.

நிலவை வெப் படம் எடுக்குமா?

எடுக்காது. சூரியன், பூமி, நிலவு, புதன், வெள்ளி எல்லாமே அதன் முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்தால் கருவிகள் சூடேறிவிடும்.

இவ்வளவு பெரிய தொலைநோக்கி வந்தபின் உங்கள் 8 அங்குலத்துக்கு இனி என்ன வேலை?

வெப் ஒரு நேரத்தில் பார்ப்பது வானத்தில் ஒரு துளி. முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராத சதுரங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் பார்க்கும். வானம் முழுக்கக் கண்ணோட்டம் விடுவது பெரிய ஆய்வுக்கூடங்களும் நாங்களும்தான். 2009 ஜூலையில் வியாழனின் மேல் ஏதோ மோதிய கறுப்பு வடுவை முதலில் பார்த்தவர் ஆஸ்திரேலிய அமெச்சூர் ஆன்டனி வெஸ்லி. அதன் பிறகே ஹப்பிள் அந்தப் பக்கம் திரும்பியது. 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறிய விண்மீனைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கோயிச்சி இதாகாகி, அவரும் அமெச்சூர்தான்.

வெப் பார்த்தவற்றில் நானே பார்க்கச் சுலபமானது எது?

தெற்கு வானம் தெரிந்தால் கேரினா, பிறகு தெற்கு வளையம். ஸ்டீபனின் ஐவர் பெகாசஸ் மண்டலத்தில் இருக்கிறது. அதற்கு 10 அங்குல ஆடியும் மையிருட்டான வானமும் பொறுமையும் வேண்டும், கிடைத்தாலும் நான்கைந்து கறைதான் தெரியும். அந்த ஐந்தில் ஒன்று கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. மற்ற நான்கும் 29 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்க, அது மட்டும் 4 கோடியில் குறுக்கே வந்து நிற்கிறது. எஸ்மேக்ஸை மறந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் சுலபம் எச்டி 84406, அந்த 18 புள்ளி விண்மீன். பிரகாச எண் 6.9 (எண் கூடக் கூட மங்கல் என்று பொருள்), வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலருக்கு எட்டும். சப்தரிஷி மண்டலத்தின் கிண்ணத்துக்கு முன்னால், எம்81 கேலக்ஸியிலிருந்து சுமார் 6 டிகிரி தெற்கே. விண்மீன் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் பத்து நிமிட வேலை. பார்ப்பதற்கு விசேஷம் ஒன்றுமில்லை, சுற்றி இருக்கும் மற்ற பொடி விண்மீன்கள் மாதிரியேதான் இருக்கும். ஆடிகள் சிதறிக் கிடந்தவரை அது வெப்புக்கு அளவான வெளிச்சமாக இருந்தது. குவியம் கூடியதும் வெப்பின் கண் கூசும் அளவுக்கு அதிகமாகிவிட்டது. அதனால் வெப் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பைனாகுலர் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.